பொதுமக்கள் யாராவது கேட்கலாம்

காவலுக்கு ஒருத்தர் இருந்தாரு என்று திரையில் எழுதியிருக்கிறது. ஒருத்தர். பேர் இல்லை. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து, நான் கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிசாக. ‘எங்கள மேல ஏத்த மாட்டாக. படியோட சரி. காவலுக்கு ஒருத்தர் இருந்தாரு.’ அதுக்குக் கீழே சின்ன எழுத்தில், சுமைத் தொழிலாளர், ஆண், நேர்காணல். அதுக்குப் பக்கத்தில் ஒரு படம். அந்தப் படத்தில் இருக்கிறவன் நான். மாடிப்படியின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறேன், வேட்டியை ஒதுக்கிவிட்டு, வலது காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு. அந்தக் கால் மடங்காது. மழைக்காலம் வந்தால் முழங்காலுக்குள் சரளைக்கல் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கும், டாக்டர் ஆபரேஷன் என்றார், நான் வேண்டாம் என்றேன், அதனால் எங்கே உட்கார்ந்தாலும் நீட்டித்தான் உட்கார வேண்டும், பஸ்ஸில் கூட அப்படித்தான். ஆனால் படத்தில் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. படத்தில் நான் வழியை மறித்துக்கொண்டு இருக்கிறேன். இந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து அந்தப் பக்கத்துக் கம்பி வரைக்கும் என் கால்தான் கிடக்கிறது, ஒருத்தனும் ஏற முடியாது. படத்துக்கு மேலே தலைப்பு, படிக்கட்டின் அரசியல். மாரீஸ்வரி கையில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறாள், அதிலிருந்து சிவப்புப் புள்ளி ஒன்று கிளம்பி என் முழங்காலில் போய் நிற்கிறது. இந்த எல்லையை நீங்கள் கவனிக்க வேண்டும் என்கிறாள். எல்லாரும் என் முழங்காலைக் கவனிக்கிறார்கள். ஏ.சி. குளிர் கழுத்துக்குள் இறங்குகிறது. பக்கத்து நாற்காலியில் என் மஞ்சள் பை இருக்கிறது. குருவையாவுக்கு என்று இடம் போட்டு வைத்தேன். அவன் வந்தான், என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான், நேரே முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். மகள் மாரீஸ்வரி டாக்டர் பட்டம் வாங்குகிறாள், முன்வரிசையில்தான் உட்கார வேண்டும், சரி, அதைக் குற்றம் சொல்லவில்லை. இப்போது அவன் பின்மண்டைதான் எனக்குத் தெரிகிறது. புதுசாக முடி வெட்டியிருக்கிறான். காதுக்குப் பின்னால் பவுடர் அப்பியிருக்கிறது. மேல ஏத்த மாட்டாக. அந்தப் பேச்சு அவன் பேச்சு. ‘ஏத்த மாட்டாக’ என்று இழுத்துச் சொல்கிறவன் எங்கள் பேட்டையில் அவன் ஒருத்தன்தான், அந்த இழுப்பைத் திரையில் கேட்க முடியாது, ஆனால் எனக்குக் கேட்கிறது.

சட்டைப்பையில் சீட்டு இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கிறேன். முந்தாநாள் மாரீஸ்வரி வீட்டுக்கு வந்து கொடுத்தது. பெரியப்பா, கடைசியில பொதுமக்கள் யாராவது கேட்கலாம்னு சொல்லுவாங்க, அப்ப ஒருத்தரும் எந்திரிக்கலைன்னா நல்லா இருக்காது, எங்க நெறியாளர் சார் மூணு பேருக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்காரு, ஒண்ணு நீங்க கேளுங்க. நான் என்னத்தைக் கேட்க, நான் அஞ்சாங்கிளாஸ் என்றேன். அதான் எழுதியிருக்கேன்ல, நீங்க வாசிச்சாப் போதும், உங்க குரலு அந்த ஹாலுக்கு மைக்கே வேண்டாம் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கிவிட்டேன். இந்த ஆய்வின் முடிவுகள் இன்றைய பொது நூலகங்களுக்கு எவ்வகையில் பயன்படும் என்று கருதுகிறீர்கள்? வீட்டில் வாசித்துப் பழகினேன். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, மாமா, யாரு வந்திருக்கா என்றாள். ஒருத்தரும் இல்லை, நாளன்னைக்கு யூனிவர்சிட்டில பேசணும் என்றேன். அப்படித்தான் சொன்னேன். தெருவில் நாலு பேரிடமும் அப்படித்தான் சொன்னேன். வண்ணான்கடையில் சட்டையைக் கொடுக்கும்போதும் சொன்னேன். இன்று காலையில் ஆரம்பத்தில் அவள் நன்றி சொன்னாள். நெறியாளருக்கு நன்றி, துறைத் தலைவருக்கு நன்றி, கல்லூரிச் செயலருக்கு, நூலகருக்கு, தட்டச்சு செய்த தங்கைக்கு, கணவருக்கு, என்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்த என் அப்பாவுக்கு, அப்புறம் தகவல் தந்த அனைவருக்கும். அனைவருக்கும் என்பதில் நான் இருக்கிறேன் போல. என் தம்பி அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பேரை மைத்துனனுக்குக் கீழே போட்டான். அந்தக் கல்யாணத்துக்குப் போனேன், மொய் எழுதினேன், சாப்பிடாமல் வந்தேன், அன்றிலிருந்து அவன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரன் பிறந்திருக்கிறான் என்கிறார்கள். இருக்கட்டும். அதிலாவது பேர் இருந்தது. கீழே இருந்தாலும் இருந்தது. இவள் ஒருத்தர் என்று போட்டிருக்கிறாள்.

சிவப்புப் புள்ளி முழங்காலை விட்டுப் படி படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியும் எனக்குத் தெரியும். கீழே வணிகர் சகாய பாங்க், மேலே வாசகசாலை. பேட்டையில் வத்தல், மல்லி, பருத்தி எது விற்றாலும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடிப்பார்கள். மகமையில் பள்ளிக்கூடம் வந்தது, பள்ளிக்கூடத்துப் பணத்தை வைத்துக்கொள்ள பாங்க் வந்தது, பாங்க் மாடி சும்மா கிடக்கிறதே என்று வாசகசாலை வந்தது. அதில் வேதமாணிக்கம் சார் நூலகர், நான் உதவியாள். காலையில் திறந்து கூட்டி, பேப்பரைக் கம்பில் கோத்து, தண்ணீர்ப் பானையில் தண்ணீர் நிறைத்து, சாயந்தரம் பூட்டுகிற வேலை. காவல் இல்லை. காவல் கீழே பாங்குக்கு இருந்தது, அவன் துப்பாக்கி வைத்திருந்தான், அவன் பேர் மாடசாமி, அவன் செத்துப்போனான். நான் உதவியாள். மிளகாய் வத்தல் மூட்டை தூக்கிவிட்டு மத்தியானம் குருவையாவும் மற்ற லோடுமேன்களும் வருவார்கள். கிடங்குக்குள் நின்று வருகிறவன் உடம்பெல்லாம் வத்தல்தான். வேர்வையில் ஒட்டி, புருவத்தில் ஒட்டி, தலைத்துண்டை உதறினால் தெருவே தும்மும். வாசகசாலைக்குள் இவர்கள் காலை வைத்தால் வேதமாணிக்கம் சாருக்கு மூச்சு முட்டும், கண் சிவந்து போய் மேஜையில் கவிழ்ந்துவிடுவார், அவருக்கு இளைப்பு நோய். கணக்கு வாத்தியார் ஒருத்தருக்குத் தும்மித் தும்மி மூக்கில் ரத்தமே வந்தது. தங்கப்பழம், இவங்களுக்கு ஒரு ஏற்பாடு பண்ணுப்பா என்றார் சார். துரத்து என்று அவர் சொல்லவில்லை. ஏற்பாடு என்றார். நான்தான் ஏற்பாடு பண்ணினேன். படியில் சாக்கை விரித்தேன். மூட்டை தூக்குகிற கொக்கிகளை மாட்ட கம்பியில் ஆணி அடித்தேன். பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து உச்சிப் படியில் உட்கார்ந்து, சத்தமாக வாசித்தேன். யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. என் வேலையில் அது இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் வாசித்தேன். அதை இவள் எழுதியிருக்க வேண்டும்.

எப்படி வாசித்தேன் தெரியுமா. சாவுச் செய்தி என்றால் குரலை இறக்குவேன். விலைவாசி என்றால் பேட்டைத் தரகர் மாதிரி ஏற்றி ஏற்றி. பெரிய வார்த்தை வந்தால் ஓரத்தில் ஒதுங்கிப் போய்விடுவேன், எனக்கே அர்த்தம் தெரியாது. கீழ்ப் படியிலிருந்து குருவையா விடமாட்டான். அண்ணாச்சி, இப்ப என்னமோ ஒண்ண முழுங்கிட்டீகளே. ஒண்ணுமில்லடா. இல்ல, தொண்டையில இறங்குறத பாத்தேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். அண்ணாச்சிக்கு இன்னைக்குச் சோறு வேண்டாம், அந்த எழுத்தே போதும் என்பான். கடேசிப் படிக்குக் கேக்கல என்று ஒருத்தன் கத்துவான். நான் எழுந்து நின்று வாசிப்பேன். சந்திரனில் மனுசன் இறங்கினதை அந்தப் படியில்தான் வாசித்தேன், அங்க மூட்டை எறக்க ஆளு வேணுமான்னு கேளுங்க என்றான் குருவையா. அதே மாசம், பாங்குகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது என்று செய்தி வந்தபோது கீழே இருந்து மேனேஜரே ஏறி வந்து, லோடுமேன்களோடு நடுப்படியில் நின்று கேட்டார். பேரை எல்லாம் வாசித்து முடித்தேன். நம்ம பாங்க் இருக்கா என்றார். இல்லை சார் என்றேன். நல்லா பாரு என்றார். நல்லாப் பார்த்துட்டேன் சார். அம்புட்டுச் சின்னதாவா இருக்கோம் என்று இறங்கிப் போனார். இவர்கள் அன்று முழுக்கச் சிரித்தார்கள். மேனேஜரும் படியில்தானே நின்றார். அவரை யார் மறித்தது. இதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். போனை என் முன்னால் வைத்துவிட்டு, பெரியப்பா நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, இது எல்லாத்தையும் பிடிச்சுக்கும் என்பாள். ரெண்டு வருசம் வந்தாள். வரும்போதெல்லாம் மருமகள் தோசை ஊற்றுவாள். உப்பு கூடுன சட்னியைக் கூட நல்லாருக்கு என்று தின்றாள். ஒரு நாள் அந்த மாடிக்கே கூட்டிப் போனேன். இப்போது கீழே செல்போன் கடை, மேலே அட்டைப்பெட்டி குவித்து வைத்திருக்கிறான். எப்படி உட்காருவீங்க, உட்கார்ந்து காட்டுங்க என்றாள். கடைக்காரனிடம் கெஞ்சிக் கேட்டு, பெட்டியை ஒதுக்கி, கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். அடித்த ஆணி ஒன்று இன்னும் கம்பியில் இருந்தது. அதைக் காட்டினேன். கால் நீட்டித்தான் உட்கார முடியும் தாயி என்றேன். பரவாயில்ல, அப்படியே இருங்க, அப்படியே, அழகா இருக்கு என்றாள். கையில் பேப்பர் இல்லை. அதுதான் தப்பு. ஒரு பேப்பரைக் கையில் எடுத்துப் போயிருக்க வேண்டும். பேப்பர் இருந்தால் வாசிக்கிறவன். இல்லாததால் மறிக்கிறவன்.

அவள் இப்போது வேறு படத்துக்குப் போய்விட்டாள். மகமையைப் பற்றிப் பேசுகிறாள். இவர்கள் சுமந்த ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் அந்த வாசகசாலைக்குப் பங்கு போனது என்கிறாள். அந்த நாற்காலியும் அந்த மேஜையும் அந்தப் பத்திரிகையும் இவர்கள் முதுகிலிருந்து வந்தவை, ஆனால் அந்த நாற்காலியில் இவர்கள் உட்காரவில்லை. கூட்டத்தில் யாரோ ச்சு என்கிறார்கள். நன்றாகத்தான் சொல்கிறாள். பிள்ளையில் இவளுக்கு வாய் திக்கும். அப்பன் ராத்திரி வந்து, படியில் கேட்ட செய்தியை அப்படியே ஒப்பிப்பானாம், என் குரலிலேயே, என்னை மாதிரியே இழுத்து, அதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லித்தான் வாய் திருந்தியது என்று அவளே சொன்னாள், என் வீட்டில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டே சொன்னாள். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது. திரையில் வரும் வரும் என்று பார்க்கிறேன். வட்டம் வருகிறது, கட்டம் வருகிறது, பாங்க் எந்த வருசம் எத்தனை கிளை என்று வருகிறது, பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் படித்தார்கள் என்று வருகிறது. குருவையா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறான். நேற்றுக் கூட டீக்கடையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். அண்ணாச்சி, நாளைக்கு வெள்ளைச் சட்டையா கலர் சட்டையா என்றான். வெள்ளையே போடு என்றேன். நெஞ்சு படபடன்னு இருக்கு அண்ணாச்சி, இந்தப் பட்டம் இல்லைன்னா ஜூன்ல அவள வேலைய விட்டு அனுப்பிருவாகளாம் என்றான். ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல, கேள்வியே நான்தான் கேட்கப் போறேன் என்றேன். வடையைப் பாதியாகப் பிட்டு எனக்குக் கொடுத்தான். தின்றேன். தின்னும்போது கூட அவன் வாயில் வரவில்லை, அண்ணாச்சி, நான் இந்த மாதிரி ஒண்ணு சொல்லிவச்சிருக்கேன், திரையில போடுவா, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீக என்று. என்றைக்குச் சொல்லியிருப்பான். நான் அந்தப் பக்கம் போனதும் சொல்லியிருப்பான். அல்லது சாதாரணமாகச் சொல்லியிருப்பான், மகள் கேட்க, இவன் பீடி குடித்துக்கொண்டே, மேல ஏத்த மாட்டாக என்று, கோபமே இல்லாமல். கோபத்தோடு சொல்லியிருந்தால் கூடத் தாங்கிக்கொள்வேன். இத்தனை வருசம் கோபத்தை வைத்துக்கொண்டு என்னோடு டீ குடித்தான் என்றால் அது ஒரு மாதிரி. கோபமே இல்லாமல் என்னைக் காவலுக்கு ஒருத்தர் என்று நினைத்துக்கொண்டே டீ குடித்தான் என்றால் அது வேறு மாதிரி. என்றைக்காவது முகத்தில் தெரிந்ததா என்று ஒவ்வொரு நாளாக எடுத்துப் பார்க்கிறேன். பெரிய பாங்க் ஒன்று எங்கள் பாங்கை வாங்கின பிறகு வேதமாணிக்கம் சாரைக் குமாஸ்தாவாக எடுத்துக்கொண்டார்கள், எனக்கு எட்டாங்கிளாஸ் சர்டிபிகேட் இல்லை என்று வெளியே விட்டார்கள், அன்று படியில் என்னோடு உட்கார்ந்திருந்தவன் குருவையாதான். விடுங்க அண்ணாச்சி, பேட்டைக்கு வாங்க, எடைத்தட்டுக்கு ஆள் வேணும் என்று கூட்டிப் போனவனும் அவன்தான். அப்போது அவன் உச்சிப்படிக்கு வந்து உட்கார்ந்தானா, நான் கீழே இறங்கி உட்கார்ந்தேனா. ஞாபகம் இல்லை. இதை ஏன் இப்போது நினைக்கிறேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேள்வி கேட்கிறார். வயசான ஆள், நல்ல வெள்ளை மீசை, அவள் எழுதிய தடிமனான புத்தகத்தைத் திறந்து வைத்துப் புரட்டுகிறார். அம்மா, ஒரு சிறு ஐயம், நேர்காணல் ஒன்றில் அங்கே யாரோ செய்தித்தாளை உரக்க வாசித்ததாக ஒரு குறிப்பு வருகிறதே, அதை ஏன் நீங்கள் வளர்க்கவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்கிறேன். கால் இழுக்கிறது. மாரீஸ்வரி தண்ணீர் குடிக்கிறாள். நெறியாளர் அவள் முகத்தைப் பார்க்கிறார். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. ஐயா, அப்படி ஒருவர் சொல்கிறார், ஆனால் வாசகசாலை ஆண்டறிக்கையிலோ பாங்கின் பதிவுகளிலோ அதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை, நினைவு காலப்போக்கில் தன்னை உயர்த்திக்கொள்ளும் இயல்புடையது, ஆகவே முடிவுரையில் சேர்க்கவில்லை. நன்று என்கிறார் தேர்வாளர். எழுதிக்கொள்கிறார். தன்னை உயர்த்திக்கொள்ளும் இயல்பு. அப்படி ஒருவர். காதுக்குள் குய்யென்று ஒரு சத்தம், ஏ.சி.யா என் தலையா தெரியவில்லை. சான்று இல்லையாம். சான்று முன்வரிசையில் காதுக்குப் பின்னால் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே. அவள் பேசுகிற வாயே சான்றுதானே. அவனுக்குக் கேட்டிருக்கும். இப்போது எழுந்து, இல்ல சார், வாசிச்சாரு, நான் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அவன் பின்மண்டையையே பார்க்கிறேன். மண்டை குனிந்தது. அவ்வளவுதான். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். எனக்குச் சீட்டு வேண்டாம். எனக்கு என் கேள்வி இருக்கிறது. உங்க அப்பன் எதுக்குத் தினமும் அந்தப் படிக்கு வந்தான் தாயி? அங்கே நிழலும் இல்லை, காற்றும் இல்லை, எதிரே அரசமரம் இருந்தது, அதன் அடியில் படுத்துத் தூங்கலாம், எதுக்கு வந்தான். இதைக் கேட்டால் போதும். வெள்ளை மீசைக்காரர் புத்தகத்தைத் திரும்பத் திறப்பார். இன்னும் ஆறு மாசம் திருத்தி எழுதிக் கொண்டு வா என்பார், அப்படி ஒரு பெண்ணை அலைய வைத்தார்கள் என்று இவளே சொல்லியிருக்கிறாள். ஜூனில் வேலை போகும். போகட்டும். எனக்குப் போனபோது எந்தப் பட்டம் வந்து காப்பாற்றியது. போகட்டுமா. பிள்ளைக்கு ரெண்டு பிள்ளை. திக்கும்போது கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வருமே, நாலு வயசில், அப்பன் தோளில் உட்கார்ந்துகொண்டு பெ, பெ, பெரியப்பா என்று.

பொதுமக்கள் யாராவது கேட்கலாம் என்று நெறியாளர் எழுந்து சொல்கிறார். இது பொது வாய்மொழித் தேர்வு, யாருக்கும் உரிமை உண்டு. முதலில் பின்னால் இருந்து ஒரு பையன் எழுந்து எழுதிக் கொடுத்ததைக் கேட்கிறான். அப்புறம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. மாரீஸ்வரி ரெண்டுக்கும் தயாராக வைத்திருந்த பதிலைச் சொல்கிறாள். இப்போது என் முறை. அவள் இப்போதுதான் என்னைப் பார்க்கிறாள். முகத்தில் ஒன்றும் இல்லை, சும்மா, பெரியப்பா எந்திரிங்க என்கிற முகம். அவளுக்குத் தெரியவே இல்லை. என்னைத் திரையில் அறைந்து மாட்டியிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, அது ஆராய்ச்சி, இது பெரியப்பா, ரெண்டும் வேறு வேறு. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கால் மரத்திருந்தது. மைக்கை நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது. என் வாய் அவளைப் பார்த்துத் திறந்தது, ஆனால் கேட்டது அவளை இல்லை. குருவையா என்றேன். ஹால் முழுக்கக் கேட்டது. அவன் திரும்பினான். நீ உள்ள வரணும்னு என்னைக்காவது என்கிட்ட கேட்டியா? அவன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, நாற்காலி முதுகில் கையைப் போட்டுக்கொண்டு, டீக்கடையில் பேசுகிற மாதிரியே சொன்னான். நீங்க என்னைக்காவது வாடான்னு கூப்பிட்டீகளா, அண்ணாச்சி?

அண்ணாச்சி என்று மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நெறியாளர், ஐயா, கேள்வியை ஆய்வாளரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். யாரோ சிரித்தார்கள். வெள்ளை மீசைக்காரர் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஐயா தாங்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாமா என்றார். மாரீஸ்வரியின் கழுத்தில் நரம்பு புடைத்தது. அ, அ என்றாள், அதுக்கு மேல் வரவில்லை. கருவியின் சிவப்புப் புள்ளி திரையில் எங்கெங்கோ அலைந்தது. எத்தனை வருசம் கழித்துத் திக்குகிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தங்கப்பழம், வாசகசாலை உதவியாள், வாசித்தவன் நான் என்று. அந்த வார்த்தைக்குத்தான் சட்டையை இஸ்திரி போட்டு வந்தேன். வாயில் வந்து நின்றது. சீட்டை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டேன். பொதுமக்கள்ல ஒருத்தன் சார் என்றேன். சொல்லிவிட்டு வாசித்தேன். இந்த ஆய்வின் முடிவுகள், இன்றைய பொது நூலகங்களுக்கு, எவ்வகையில் பயன்படும், என்று கருதுகிறீர்கள். நிறுத்தி நிறுத்தி, கடைசி வரிசைச் சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி, ஒரு எழுத்தை முழுங்காமல். குருவையா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு காதை என் பக்கம் சாய்த்து, கண்ணை மூடி. அந்தச் சாய்ப்பை நான் உச்சிப்படியிலிருந்து எத்தனை வருசம் பார்த்திருக்கிறேன். அதுவும் சான்று இல்லைதான். மாரீஸ்வரி தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டுப் பதில் சொன்னாள். திக்காமல் சொன்னாள்.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று வெள்ளை மீசைக்காரர் அறிவித்தார். கை தட்டினார்கள். நான் தட்டினேனா என்று தெரியவில்லை, கை மடியில்தான் இருந்தது. சால்வை போட்டார்கள், படம் எடுத்தார்கள், பெரியப்பாவையும் கூப்பிடுங்க என்று அவள் குரல் கேட்டது, கூட்டத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை. கேசரியும் வடையும் தட்டில் வைத்து வரிசையாகக் கொடுத்தார்கள். எனக்குக் கால் எழும்பவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டேனா என்று கேட்கிறான். கூப்பிட்டிருந்தால் வேதமாணிக்கம் சார் இளைத்துச் செத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை பேட்டை லீவு, அன்றைக்குக் குளித்துவிட்டு வெள்ளை வேட்டியில் வருவானே, உடம்பில் ஒரு வத்தல் தூசி இருக்காது, வந்து படியில்தான் உட்காருவான். அன்றைக்கு ஏன் அவன் கேட்கவில்லை. வாசல் திறந்துதான் கிடந்தது. கேட்டிருக்க வேண்டியவன் அவன்தான். திரையில் அவள் முதல் படத்தை மறுபடி போட்டுவிட்டு அணைக்க மறந்துவிட்டாள் போல, என் கால் இன்னும் குறுக்கே கிடந்தது. குருவையா ரெண்டு தட்டோடு வந்தான். ஒன்றை என் கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். வடை ஆறிப்போச்சு அண்ணாச்சி என்றான். ம் என்றேன். சுற்றி எல்லா நாற்காலியிலும் ஆட்கள் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். என் பக்கத்து நாற்காலியில் மட்டும் மஞ்சள் பை இருந்தது. அவனுக்கென்று காலையில் நான் வைத்தது. அவன் பையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். எடுத்து மடியில் வைத்துக்கொள்ள ஒரு நிமிசம் ஆகாது. கேட்கட்டும் என்று இருந்தேன். உட்காரட்டுமா அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அவன் கேட்கவில்லை. நின்றுகொண்டே தின்றான்.